ஸ்டென்ட் வைத்தது இதயத்தில் அல்ல, காலில்



மூன்று வாரமாக என் கைப்பேசி ஓயவில்லை. "சாருக்கு ஸ்டென்ட் வச்சிருக்காங்களாமே, ஹார்ட் அட்டாக்கா?" என்று கேட்காதவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி, "ரெஸ்ட் எடுக்கச் சொன்னா லெக்சர் எடுக்கறீங்க மாமா" என்று மருமகளிடம் திட்டும் வாங்கியாயிற்று. அதனால் எல்லோருக்குமாக இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இதயத்தில் இல்லை, இடது காலில். தொடைக்குள் ஓடும் பெரிய இரத்தக்குழாய் ஒரே இரவில் அடைத்துக்கொண்டது. இப்போது நலம், வீட்டுக்குள் நடக்கிறேன். வரலாற்று வாத்தியாரிடம் நலம் விசாரித்தால் ஆண்டுக் கணக்கோடுதான் பதில் வரும். 45 நிமிடம் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

அன்று விடியற்காலை 3 மணி இருக்கும். யாரோ காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியதுபோல ஒரு வலியில் விழித்தேன். பாதம் மரத்துப்போயிருந்தது. சதை பிடித்துக்கொண்டது என்று நினைத்து உதறிப் பார்த்தேன், தரையில் ஊன்றிப் பார்த்தேன், குறையவில்லை. என் மனைவி எழுந்துபோய் வெந்நீர்ப் பையை நிரப்பிக்கொண்டு வந்தாள். நல்லெண்ணெயும் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குள் சத்தம் கேட்டு வந்த மருமகள் என் இரண்டு பாதங்களின் மேலும் கை வைத்துப் பார்த்தாள். "மாமா, இந்தக் கால் ஜில்லுன்னு இருக்கு. அந்தக் கால் சூடா இருக்கு. எண்ணெயெல்லாம் வேண்டாம், கிளம்புங்க" என்றாள். அவள் டாக்டர் இல்லை, வங்கியில் வேலை பார்க்கிறாள். எங்கோ படித்தது நினைவில் இருந்ததாம். தெருமுனையில் ஆட்டோ வைத்திருக்கும் என் பழைய மாணவனை எழுப்பி, 4 மணிக்குள் புறப்பட்டுவிட்டோம்.

ஆட்டோவில் போகும்போது எனக்கு நினைவுக்கு வந்தது என் பெரியப்பாதான்.

1968. எனக்கு 13 வயது. பெரியப்பாவுக்கு 50-ஐத் தாண்டியிருக்காது. களத்துமேட்டிலிருந்து வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து "காலு செத்துப்போன மாதிரி இருக்குடா" என்றார். வலது கால் வெளிறிப்போயிருந்தது. வாதம் என்றார்கள், காத்துக்கருப்பு என்றார்கள். தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடும் வேலை எனக்கு. அன்று இரவும் மறுநாள் பகலும் உருவினேன். என் உள்ளங்கைச் சூட்டில்கூட அந்தக் கால் சூடாகவில்லை என்பது எனக்குத் தெரிந்தது, ஆனால் அது ஒரு செய்தி என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் வில்வண்டியிலும் பிறகு பஸ்ஸிலுமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விரல்கள் கறுத்திருந்தன. முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெரியப்பா 11 வருடம் இருந்தார். வயலுக்கு ஒரு நாளும் போகவில்லை.

எனக்குக் கால் மீண்டது, அவருக்குப் போனது. இடையில் என்ன நடந்தது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பேரனின் டேப்லெட்டில் தேட ஆரம்பித்தேன். பார்த்தால், பெரியப்பாவின் காலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய கருவி 1968-க்கு முன்பே உலகத்தில் இருந்திருக்கிறது. எங்கள் ஊருக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். நாங்களும் மூன்றாம் நாள்தான் போனோம்.

முதலில் ஒரு விளக்கம். கால் இரத்தக்குழாய் திடீரென்று அடைப்பதில் இரண்டு வகை. வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்தோ மிதந்து வந்த கட்டை மதகில் சிக்கிக்கொள்வது ஒரு வகை. பெரும்பாலும் இதயத்தில் உறைந்த இரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு வந்து காலில் சிக்கும். வாய்க்காலே பல வருடமாக வண்டல் படிந்து குறுகிப்போய், கடைசியில் ஒரு கைப்பிடிச் செத்தையில் முழுக்க அடைத்துக்கொள்வது இன்னொரு வகை. பெரியப்பாவுக்கு முதல் வகையாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு இரண்டாவது. இரத்தம் உறைந்து கட்டியாவதையும், அது மிதந்துபோய் வேறிடத்தில் சிக்குவதையும் பிரித்துக் காட்டிப் பெயரும் வைத்தவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி அது. பெயர் வைத்தாரே தவிர, எடுக்க வழி இல்லை.

1911-இல் பாரிஸில் ஜார்ஜ் லபே என்ற அறுவை மருத்துவர் தொடைத் தமனியைத் திறந்து அப்படிச் சிக்கிய கட்டியை வெற்றிகரமாக எடுத்தார். ஆனால் எடுத்த இடத்திலேயே இரத்தம் மறுபடி உறைந்துவிடும் ஆபத்து தீரவில்லை. அதற்கு மருந்து 1916-இல் பால்டிமோரில் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவன் கையில் தற்செயலாகக் கிடைத்தது. ஜே மக்லீன் என்ற அந்த மாணவர் இரத்தத்தை உறையவைக்கும் பொருளைத்தான் தேடிக்கொண்டிருந்தார். நாயின் கல்லீரலிலிருந்து எடுத்த சாறு நேர்மாறாக, உறையவிடாமல் தடுத்தது. அதுதான் ஹெப்பாரின். கல்லீரலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதைச் சுத்தப்படுத்தி மனிதருக்குக் கொடுக்க டொரொன்டோவிலும் ஸ்டாக்ஹோமிலும் 1930-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. அன்று அவசரப் பிரிவில் எனக்கு ஏற்றிய முதல் ஊசி மருந்தும் இதேதான்.

இனி வருபவர் எனக்கு மிகவும் பிடித்தவர். பெயர் தாமஸ் ஃபோகார்ட்டி. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்துப் பையன். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். பள்ளிப் பருவத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, பிறகு அறுவை அரங்கில் கருவி எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு உயர்ந்தார். அங்கே அவர் பார்த்ததெல்லாம் என் பெரியப்பா மாதிரி ஆட்களைத்தான். காலில் கட்டியை எடுக்க நீளமாக வெட்டித் திறப்பார்கள், பல இடங்களில் திறப்பார்கள், தக்கைத் திருகி மாதிரிக் கம்பியை விட்டு இழுத்துப் பார்ப்பார்கள். மணிக்கணக்கில் ஆகும். அப்படியும் பலருக்குக் கால் போகும், சிலருக்கு உயிரே போகும்.

ஃபோகார்ட்டிக்குத் தூண்டில் போடுவதில் பைத்தியம். ஈ மாதிரி இறகு கட்டிய தூண்டிலை அவர்கள் தாங்களே நுணுக்கமாக முடிச்சுப் போட்டுச் செய்வார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? சிறுநீர்க் குழாய்க்குப் பயன்படும் மெல்லிய கதீட்டர் ஒன்றை எடுத்தார். அறுவைக் கையுறையின் சுண்டுவிரல் நுனியை வெட்டி அதன் முனையில் வைத்தார். பசை ஒட்டவில்லை. உடனே தூண்டில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டார். அதுதான் பலூன். தொடை இடுக்கில் சின்னதாக ஒரு கீறல் போதும். காற்றில்லாத பலூனைக் கட்டியைத் தாண்டிக் கீழே தள்ளி, உப்பு நீரால் ஊதி, மெதுவாக மேலே இழுத்தால் கட்டி முழுசாக வெளியே வந்து விழும். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு எடுப்பதுபோல என்று நான் புரிந்துகொண்டேன்.

1961-இல் முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. 1963-இல் தன் ஆசிரியர் ஜாக் கிரான்லியோடு சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார். இரத்தக்குழாயின் உட்சுவரைத் தொடவே கூடாது என்பது அன்றைய பாடம். அதனால் அதைச் செய்துதர எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. பிறகு மேற்படிப்புக்காக அவர் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரத்துக்குப் போனார். செயற்கை இதய வால்வு செய்த ஆல்பர்ட் ஸ்டார் அங்கே இருந்தார். அவர் சொல்லித்தான் எட்வர்ட்ஸ் நிறுவனம் அதைத் தயாரிக்க ஒப்புக்கொண்டது.

அதே போர்ட்லண்டில், அதே மருத்துவக் கல்லூரியில், எக்ஸ்ரே துறைத் தலைவராக இருந்தவர்தான் நம் கதையின் இரண்டாவது நாயகர், சார்லஸ் டாட்டர். 32 வயதிலேயே துறைத் தலைவர் ஆனவர். மலையேறுவார், வேகமாகக் கார் ஓட்டுவார், கிடார் கம்பியிலிருந்தும் கார் ஸ்பீடாமீட்டர் ஒயரிலிருந்தும் தானே கருவி செய்துகொள்வார். "கிறுக்கு சார்லி" என்று சக மருத்துவர்களே சொன்னார்களாம்.

இவருக்கு முன்பே 1953-இல் ஸ்டாக்ஹோமில் செல்டிங்கர் என்பவர் ஒரு எளிய வழியைக் கண்டுபிடித்திருந்தார். ஊசியால் இரத்தக்குழாயைக் குத்து, ஊசி வழியாக மெல்லிய கம்பியை விடு, ஊசியை உருவிவிடு, கம்பியின் மேலேயே குழாயை ஏற்று. வெட்டவே வேண்டாம். ஆனால் படம் எடுப்பதற்காக மட்டும்தான் அதைப் பயன்படுத்தினார்கள். 1963-இல் ஒரு நாள் டாட்டர் இப்படிப் படம் எடுக்கக் குழாயை ஏற்றும்போது, அடைபட்டிருந்த இடுப்புத் தமனி ஒன்றைத் தற்செயலாகவே துளைத்துக்கொண்டு போய்விட்டது. பார்த்தால் இரத்தம் ஓடுகிறது! குழாயால் படம்தான் எடுக்க வேண்டுமா, அடைப்பையே சரிசெய்யக் கூடாதா என்று அந்த ஆண்டே செக்கோஸ்லோவாக்கியாவில் நடந்த ஒரு மாநாட்டில் பேசினார்.

வாய்ப்பு 1964 ஜனவரி 16-இல் வந்தது. நமக்குப் பொங்கல் வாரம். லாரா ஷா என்ற 82 வயது மூதாட்டி. இடது பாதத்தில் ஆறாத புண், விரல்கள் அழுக ஆரம்பித்திருந்தன. காலை எடுத்தாக வேண்டும் என்றார்கள். அந்த அம்மா முடியவே முடியாது என்றுவிட்டார். வேறு வழியில்லாமல் டாட்டரிடம் அனுப்பினார்கள். அவர் தொடைத் தமனியின் குறுகலான இடத்தில் கம்பியைச் செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பெரிதான டெஃப்லான் குழாய்களை ஏற்றி வழியை அகலப்படுத்தினார். பலூன்கூட இல்லை. நிமிடங்களில் பாதம் சூடாகியது, ஒரு வாரத்தில் வலி போனது. சாகும் வரை அந்த அம்மா தன் இரண்டு கால்களால்தான் நடந்தார்.

எனக்குப் பெரியப்பா காலோடு சேர்த்து இந்த அம்மாவின் பிடிவாதமும் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அவர் "சரி, எடுத்துடுங்க" என்று சொல்லியிருந்தால் டாட்டருக்கு அன்று வேலை இருந்திருக்காது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். லாரா ஷாவின் அடைப்பு திடீர் அடைப்பு அல்ல, நாள்பட்டது. கட்டியை வெளியே இழுப்பது ஃபோகார்ட்டி வழி, குறுகலை விரிப்பது டாட்டர் வழி. என்னைப் போல, குறுகலின்மேல் கட்டி உறைந்தவனுக்கு இரண்டும் வேண்டும். இரண்டையும் சேர்த்துவைக்கவும் டாட்டரே ஒரு படி எடுத்துக் கொடுத்தார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இரத்தக்கட்டியைக் கரைக்கும் என்பதை 1933-இலேயே டில்லெட் என்பவர் கண்டிருந்தார். அதிலிருந்து வந்த ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தைக் கைநரம்பில் ஏற்றாமல், கதீட்டர் வழியாகக் கட்டிக்குள்ளேயே குறைந்த அளவில் சொட்டவிடலாம் என்று 1974-இல் எழுதினார்.

உள்ளூரில் அவருக்கு என்ன மரியாதை? ஓர் அறுவை மருத்துவர் எக்ஸ்ரே கேட்டு அனுப்பிய சீட்டில், படம் மட்டும் எடுங்கள், சரிசெய்ய முயல வேண்டாம் என்று எழுதியே அனுப்பினார். அந்தச் சீட்டு இன்று மருத்துவ வரலாற்றில் பிரபலம். அமெரிக்கா ஒதுக்க, ஐரோப்பா ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியில் சைட்லர் என்பவரிடம் இந்த முறையைக் கற்ற ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக், சூரிச்சில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து விறைப்பான பலூன் ஒன்றைச் செய்தார். 1974-இல் காலில் பயன்படுத்தினார். இதயத்தில் பயன்படுத்தியது 1977-இல்தான். கவனியுங்கள், காலில் பழகிய பிறகுதான் இதயத்துக்கே போனார்கள்.

ஸ்டென்ட் கதையும் அப்படித்தான். விரித்த குழாய் மறுபடி சுருங்காமல் முட்டுக்கொடுக்க வேண்டும் என்று 1969-இலேயே டாட்டர் நாய்களின் கால் தமனிகளில் கம்பிச் சுருள்களை வைத்துப் பார்த்தார். பிறகு பல வருடம் யாரும் அதைப் பெரிதாகத் தொடவில்லை. 1983-இல் அவரே நிட்டினால் கம்பியில் மறுபடி செய்தார். ஸ்டென்ட் என்ற சொல் சார்லஸ் ஸ்டென்ட் என்ற லண்டன் பல் மருத்துவரின் பெயர். பல் அச்சு எடுக்க அவர் 1856-இல் செய்த பசையை முதல் உலகப்போரில் ஒரு டச்சு மருத்துவர் முகக் காயங்களுக்குத் தோல் ஒட்டும்போது முட்டாகப் பயன்படுத்தினார். பல்லிலிருந்து முகத்துக்கு, முகத்திலிருந்து காலுக்கு! பல் மருத்துவர் பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

1978-இல் நியூ ஆர்லியன்ஸில் குரூன்ட்சிக் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஜூலியோ பால்மாஸ் என்ற இளம் மருத்துவரும் ஒருவர். வீட்டுக் கொட்டகையில் கொத்தனார் விட்டுப்போன கம்பிவலைத் துண்டு அவர் கண்ணில் பட்டது. சுவர்ப் பூச்சுக்கு அடியில் வைப்பார்களே, இழுத்தால் வைர வடிவக் கண்களாக விரிந்து அப்படியே நின்றுவிடும், அது. அதையே குழாயாகச் செய்து பலூன்மேல் வைத்தால் என்ன என்று தோன்றியது. பெரிய நிறுவனங்கள் கைவிட, சான் அன்டோனியோவில் உணவகம் நடத்திய பில் ரோமானோ என்பவர் 2,50,000 டாலர் கொடுத்தார். 1991-இல் அமெரிக்க அரசு பால்மாஸ் ஸ்டென்ட்டை இடுப்புத் தமனிக்கு அனுமதித்தது. இதயத்துக்கு அனுமதி 1994-இல்.

ஆனால் தொடையில் எஃகு ஸ்டென்ட் சரிப்படவில்லை. இதயக் குழாயை யாரும் மடக்குவதில்லை. தொடைத் தமனியோ உட்கார்ந்தால் வளையும், எழுந்தால் நீளும், நடந்தால் முறுக்கும். நசுங்கிய எஃகு நசுங்கியபடியே கிடக்கும். இங்கேதான் நிட்டினால் உதவியது. நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பியூலர் என்பவர் ஏவுகணை முனைக்காகத் தேடிய உலோகம். 1961-இல் ஒரு கூட்டத்தில் விசிறி மடிப்பாக மடித்த துண்டைக் காட்டினார்கள். ஒருவர் தன் புகைக்குழாய் லைட்டரைப் பற்றவைத்துச் சூடு காட்ட, அது தானாக நிமிர்ந்துகொண்டது. மடக்கினாலும் நசுக்கினாலும் பழைய உருவத்துக்கே திரும்பும் அந்த உலோகம்தான் இப்போது என் தொடைக்குள் 12 செ.மீ. நீளத்துக்கு இருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாப்ளரில் முட்டிக்குக் கீழே நாடித் துடிப்பே கேட்கவில்லை. விரலை அசைக்க முடிந்தது, உணர்ச்சி குறைந்திருந்தது. முழு அடைப்பென்றால் ஏறக்குறைய 6 மணி நேரத்தில் சதையும் நரம்பும் மீளாமல் போகத் தொடங்கும் என்றார் டாக்டர். நேரத்தில் வந்ததால் வலது தொடை இடுக்கில் ஊசி குத்தி, இடுப்பைச் சுற்றி இடது காலுக்குக் கதீட்டரைக் கொண்டுபோய், கட்டியைக் கரைக்கும் மருந்தை இரவு முழுக்கச் சொட்டவிட்டார்கள். இந்த மருந்தில் ஆபத்தும் உண்டு, மூளையிலேகூட இரத்தம் கசியலாம் என்று கையெழுத்து வாங்கினார்கள். ஐசியூவில் மணிக்கொரு தரம் கெண்டைச் சதை வீங்குகிறதா என்று அளந்தார்கள். மறுநாள் காலையில் படம் எடுத்தபோது கட்டி கரைந்து, அதற்கடியில் இருந்த பழைய குறுகல் தெளிவாகத் தெரிந்தது. பலூனால் விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

வெட்டுவதா கரைப்பதா என்ற கேள்விக்கு 1994-இல் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் 114 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லோரும் திடீர் அடைப்புக்காரர்கள். ஓராண்டு முடிவில் இரண்டு பிரிவிலும் 82 சதவீதம் பேருக்குக் கால் தப்பியிருந்தது. உயிரோடு இருந்தவர்களோ, கரைத்த பிரிவில் 84 சதவீதம், நேராக அறுவைக்குப் போன பிரிவில் 58. வயதானவர்களுக்கு அவசரப் பெரிய அறுவையை உடம்பு தாங்குவதில்லை. ஆனாலும் காலில் அசைவே நின்றுபோய்விட்டால் ஓர் இரவு காத்திருக்க நேரமில்லை, உடனே திறந்துதான் ஆக வேண்டும். ஃபோகார்ட்டி பலூன் இன்றும் அதற்காக அறுவை அரங்கில் தயாராக இருக்கிறது.

ஒரு குற்ற ஒப்புதல். இரண்டு வருடமாகவே 300 அடி நடந்தால் எனக்கு இடது கெண்டைச் சதை வலிக்கும், நின்றால் சரியாகிவிடும். வயசாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாய்க்கால் குறுகிக்கொண்டிருந்ததன் அடையாளம் அதுதானாம். சர்க்கரை 20 வருடமாக இருக்கிறது. சிகரெட்டை 2009-இல்தான் விட்டேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் புகைத்தது ஒருவருக்கும் தெரியாது என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். பார்க்க வந்த 1994 பேட்ச் பையன்கள் சிரித்த சிரிப்பில் அந்த நம்பிக்கையும் போயிற்று.

என் மனைவி வெந்நீர்ப் பையைப் பற்றி இன்னும் வருந்துகிறாள். இரத்தம் ஓடாத, உணர்ச்சி குறைந்த காலில் சூடு வைத்தால் வெந்துபோவதுகூடத் தெரியாதாம். 1968-இல் நான் உருவிவிட்டதால்தான் பெரியப்பா கால் போயிற்றா என்று டாக்டரிடம் கேட்டேன். "உருவினதால போகலை சார், அந்த ரெண்டு நாள்ல போச்சு" என்றார்.

மைத்துனர் போனில் கேட்டது: இது எத்தனை வருடம் தாங்கும்? 2006-இல் வியன்னாவில் 104 பேரிடம் இதைத்தான் பார்த்தார்கள். ஓராண்டில் மறுபடி குறுகியது பலூன் பிரிவில் 63 சதவீதம் பேருக்கு, நிட்டினால் ஸ்டென்ட் பிரிவில் 37. ஆகவே எனக்கும் மறுபடி அடைக்க இடமுண்டு. இரண்டு மாத்திரை விடாமல் போடுகிறேன், மாலையில் மாடியில் நடக்கிறேன். நேற்று 25 நிமிடம், வலி இல்லை. பேரன் தினமும் என் பாதத்தில் நாடி பார்க்கப் பழகிக்கொண்டான். நர்ஸ் பேனாவால் போட்ட புள்ளி அழிந்துவிட்டது என்று அவனே புதிதாக ஒன்று போட்டிருக்கிறான். அடுத்த ஸ்கேன் தை மாதம். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.